ஏழு புதன்கிழமைகள்: நீடாமங்கலம் பக்கத்து வீடு ஒன்று

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வருகிற ஒரு கிராமம். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் சொல்ல மாட்டேன், அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். பையனைப் பையன் என்றே எழுதுகிறேன். வளரிளம் பிள்ளைகளோடும் அவர்கள் குடும்பத்தோடும் வேலை செய்கிற ஒரு சின்ன அமைப்பில் ஆலோசகராக இருக்கிறேன். இந்த ஒரு வீட்டை முழுசாக எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. ஜூலை மாதம் பள்ளியிலிருந்து போன் வந்தது. பையில் புகையிலைப் பொட்டலம் பிடிபட்டிருக்கிறது, பள்ளி திறந்து ஐந்து வாரத்தில் ஒன்பது நாள் வரவில்லை, கேட்டால் வாத்தியாரையே முறைக்கிறான், டிசி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று இருக்கிறோம், அதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்றார்கள். பீடி, சிகரெட் இல்லை அது. டீத்தூள் பை மாதிரி சின்னதாக இருக்கும், கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்கிக்கொண்டால் போதும். புகை கிடையாது, வாடை பெரிதாகத் தெரியாது, முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே வைத்துக்கொள்ளலாம். இந்த வகையறாக்களுக்குத் தமிழ்நாட்டில் 2013இல் தடை வந்தது. 18 வயதுக்குக் கீழே யாருக்கும் புகையிலை விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் கடையே கூடாது என்று 2003ஆம் வருடச் சட்டமும் இருக்கிறது. எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு, சைக்கிளில் இரண்டு நிமிஷம் என்றான்.

இன்னொன்றும் சொன்னான். ஜூன் 26, போதை ஒழிப்பு நாள் பேரணியில் பதாகை பிடித்து நடந்தவர்களில் அவனும் ஒருவன். நடக்கும்போது உதட்டுக்குள் பொட்டலம் இருந்ததாம். அதைச் சொல்லும்போது பெருமையோ வெட்கமோ இல்லை, மழை பெய்தது என்று சொல்வது மாதிரி சொன்னான். ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் 2013இல் வெளியிட்ட தடுப்புத் தரநிலைகளும், உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2018இல் புதுப்பித்ததும் இதைத்தான் சொல்கின்றன. பயமுறுத்தும் சொற்பொழிவு, போதையிலிருந்து மீண்டவரை மேடையேற்றிப் பேச வைப்பது, வெறும் தகவல் கொடுப்பது, இவற்றால் பலன் தெரியவில்லை. பெற்றோருக்கான பயிற்சியில் பலன் தெரிகிறது.

வீடு

அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை, ஆறு வருஷமாகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், ஒரு மாதம்கூட நிற்க மாட்டார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார், மற்ற நாளில் நூறு நாள் வேலை. வீட்டில் அப்பாயி இருக்கிறார். ஆறாம் வகுப்பு படிக்கிற தம்பி, வயது 11. இரண்டு தெரு தள்ளித் தாய்மாமன்.

பழக்கம் தொடங்கியது அதற்கு முந்தைய மாசியில், சம்பா அறுவடையில். மிஷின் அறுத்துவிட்டுப் போன வயலில் வைக்கோலைக் கட்டுகட்டாகச் சுருட்டிப் போட்டிருப்பார்கள், அதை லாரியில் ஏற்ற ஆள் வேண்டும், ராத்திரியெல்லாம் வேலை ஓடும். எட்டாம் வகுப்புப் பையன், பெரிய பையன்களோடு போனான். பசி தெரியாது, தூக்கம் வராது என்று அவர்கள்தான் முதல் பொட்டலத்தைக் கொடுத்தார்கள். 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலிக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். அறுவடை மாதத்தில் ஆள் கிடைக்காமல் திண்டாடும்போது ஊரில் யாரும் வயது கேட்பதில்லை. நாளுக்கு 300 ரூபாய் கிடைத்தது, 200ஐ அம்மா கையில் கொடுத்தான். "அப்பன மாதிரியே பாடுபடுறான் எம்புள்ள" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னார். அந்த வருஷம் முழுக்க அவன் காதில் விழுந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான் என்று பின்னாளில் என்னிடம் சொன்னான். பாராட்டும் புகையிலையும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கின்றன.

அறுவடை முடிந்ததும் கூலி நின்றது, பழக்கம் நிற்கவில்லை. முதலில் அப்பாயியின் சுருக்குப்பை, அப்புறம் அம்மா அரிசிப் பானையில் வைத்திருந்த மகளிர் குழுத் தவணைப் பணத்தில் 500 ரூபாய். வசூலுக்கு வந்தவர் வாசலில் நிற்க, பத்துப் பெண்கள் பார்க்க, அம்மா பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கட்டினார். அன்று ராத்திரி விளக்குமாறு பிய்ந்துபோகிற அளவுக்கு அடி விழுந்தது. மறுநாள் காலையில் அழுது, அவனுக்குப் பிடித்த முட்டைத் தோசை சுட்டுக் கொடுத்திருக்கிறார்.

நான் முதல் தடவை போனபோதே கண் முன்னால் ஒன்று நடந்தது. பையன் 50 ரூபாய் கேட்டான். இல்லை என்றார் அம்மா. மறுபடி கேட்டான், குரல் ஏறியது. அம்மா குரலும் ஏறியது. திண்ணை ஓரமிருந்த பிளாஸ்டிக் குடத்தை உதைத்தான், தண்ணீர் வாசல் வரை ஓடியது. "குடுத்துத் தொலையேன், ஆளுவ வந்திருக்கு" என்றார் அப்பாயி. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வீடு அமைதியானது.

அமெரிக்காவின் ஓரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் வருஷக்கணக்காகப் பல வீடுகளுக்குள் ஆட்களை உட்காரவைத்துக் குறிப்பெடுத்தது இதைத்தான். கத்தினால் காசு வரும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது, விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று தாய் கற்றுக்கொள்கிறார். ஒருவரை ஒருவர் பழக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகக் கத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இதில் கெட்டவர் என்று யாரும் இல்லை. அந்த வீட்டில் எனக்கு உண்மையிலேயே மனம் கனத்தது, ஏனென்றால் மூன்று பேருமே களைத்துப்போயிருந்தார்கள்.

நான் செய்த தவறு

ஆனால் நான் முதலில் வீட்டைத் தொடவில்லை. இதே மாதிரிப் புகார் வந்த ஆறு பையன்களைச் சுற்று வட்டாரத்திலிருந்து திரட்டி, சனிக்கிழமை தோறும் ஊராட்சிக் கட்டடத்தில் உட்காரவைத்துப் பேசினோம். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். நான்காவது சனிக்கிழமை கூட்டம் முடிந்து திரும்பும்போது பார்த்தேன், ஆறு பேரும் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். வேறு ஊர்ப் பையன் ஒருவன், வாத்தியார் மேசை மேலிருந்த ஒயிட்னரை எடுத்துத் துணியில் ஊற்றி முகர்ந்ததை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மற்ற ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் பயிற்சி. தாமஸ் டிஷியன் என்ற ஆய்வாளர் பையன்கள் பேசிக்கொள்வதைப் படம் பிடித்து, எந்தப் பேச்சுக்குச் சிரிப்பு வருகிறது என்று கணக்கெடுத்தார். விதி மீறிய கதைக்குச் சிரிப்பு அதிகம் கிடைக்கிற ஜோடிகளில்தான் பின்னால் பிரச்சினை வளர்ந்தது. 1999இல் அவரும் ஜோன் மெக்கார்டும் பிரான்சுவா பூலானும் சேர்ந்து, சிக்கலில் இருக்கிற பிள்ளைகளை ஒன்றாகத் திரட்டுவது கெடுதலாக முடியலாம் என்று எழுதினார்கள். 1939இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஒரு பழைய திட்டத்தில் கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்ட பையன்கள்தான் பிற்காலத்தில் மோசமான நிலைக்குப் போனார்கள் என்பதையும் அதில் காட்டியிருந்தார்கள். நான் இதைப் படித்தவள்தான். படித்ததை மதகுக் கட்டையில் பார்த்த பிறகுதான் புத்திக்கு எட்டியது. அந்த வாரமே குழுவைக் கலைத்தேன். அந்த நாலு வாரத்துக்கு நான்தான் பொறுப்பு என்று அம்மாவிடமும் சொன்னேன், அவர் பதில் சொல்லாமல் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

ஏழு புதன்கிழமைகள்

10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்காக அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம் ஒன்று உண்டு. ஏழு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். முதல் மணி நேரம் பெற்றோர் தனி, பிள்ளைகள் தனி, இரண்டாவது மணி நேரம் குடும்பமாக. அங்கே பல குடும்பங்களை ஒரு கூடத்தில் சேர்த்துச் செய்வார்கள். இங்கே ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவில் போய் உட்கார்ந்து வீட்டு விஷயம் பேச மாட்டார். அதனால் சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுத் திண்ணையிலேயே செய்தோம். என்னோடு ஆண் பணியாளர் ஒருவர் வந்தார், அவர் பையனோடும் தம்பியோடும் வாய்க்கால் கரையில் உட்காருவார், நான் அம்மாவோடும் அப்பாயியோடும். ஐந்தரைக்குத் தொடக்கம். ஆறரைக்கு அப்பா வீடியோ காலில் வருவார், சிங்கப்பூரில் அப்போது ஒன்பது மணி, வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டிருப்பார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அயோவாவில் இந்தத் திட்டம் குடிப்பழக்கம் தொடங்குவதைத் தள்ளிப்போட்டது. அதையே ஸ்வீடனிலும் போலந்திலும் வேல்ஸிலும் செய்து பார்த்தபோது அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. எனவே இது மந்திரக்கோல் இல்லை என்று முதல் நாளே அம்மாவிடம் சொன்னேன். அதற்குள்ளே இருக்கிற சில வேலைகள்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, அவற்றைத்தான் செய்தோம்.

முதல் புதன். அடுத்த மாதம் இரண்டு பேரும் சேர்ந்து செய்யப்போகிற ஒரு காரியத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுங்கள் என்று அம்மாவிடமும் பையனிடமும் சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அம்மா கேட்டது பதினோரு கேள்வி. எங்க போன, யாரோட போன, அந்தப் பய எதுக்கு வந்தான், பணம் ஏது. பதினொன்றும் விசாரணை. பையன் சொன்ன பதில், "ம்", "தெரியல", "சும்மாதான்". கேள்விகளை அப்படியே எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போலீஸ்காரன் மாதிரில்ல இருக்கு" என்றார்.

அவர் அதற்கு மேலும் செய்துகொண்டிருந்தார். சின்னவனை வேவு பார்க்க அனுப்பியிருந்தார், பையைத் தினமும் உதறிப் பார்த்தார், சிறுநீர் டெஸ்ட் எடுக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். ஸ்வீடனில் ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் 2000இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். பிள்ளை எங்கே இருக்கிறது, யாரோடு இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிற பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகத் தப்புப் பண்ணுகிறார்கள் என்பது பழைய கண்டுபிடிப்பு. பெற்றோருக்கு அது எப்படித் தெரிகிறது என்று பார்த்தால், கண்காணித்து இல்லை, பெரும்பாலும் பிள்ளையே சொல்லித்தான். இந்த வேலையில் நான் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே நூல் இதுதான். அந்த வீட்டில் பையன் எதையாவது சொன்னால் என்ன கிடைக்கும்? அடி, இல்லாவிட்டால் அப்பாவுக்குப் போன். சொல்லாவிட்டால் எதுவும் இல்லை. அப்படியிருக்க அவன் ஏன் சொல்வான்?

இரண்டாவது புதன், குடம் உதைத்த கதையைத் திண்ணையில் சாக்பீஸால் வட்டமாக வரைந்தேன். மூன்றாவது புதன், விதிகள். ஏழரைக்குள் வீடு திரும்ப வேண்டும், பணம் வேண்டுமென்றால் காலையில்தான் கேட்க வேண்டும், கத்திக் கேட்டால் அன்று கிடையாது. மீறினால் மறுநாள் சாயந்திரம் கிரிக்கெட் இல்லை, அவ்வளவுதான். முன்பெல்லாம் அம்மா "சோறு கிடையாது, வீட்ட விட்டுப் போ" என்று பெரிய தண்டனையாகச் சொல்லுவார், ஒன்றும் நடக்காது. சின்னத் தண்டனை, அன்றே, தவறாமல். அப்பாயிக்கும் ஒரு வேலை கொடுத்தோம், "குடுத்துத் தொலை" என்ற வார்த்தை வாய்க்கு வரும்போது எழுந்து ஆட்டைப் பார்க்கப் போய்விட வேண்டும். முதல் வாரம் ஆறு தடவை ஆட்டைப் பார்க்கப் போனார்.

அந்த வாரம்தான் ஒன்று நடந்தது. ரசஞ்சோறு சாப்பிடும்போது பையன் முகம் சுளித்திருக்கிறான். வழக்கமாக அம்மா, "இன்னும் அதத்தான் திங்கிறியா" என்று தொடங்கியிருப்பார். இந்தத் தடவை, "எரியுதாய்யா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தயிரைத் தள்ளி வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே கீழுதட்டை இழுத்துக் காட்டினான். ஈறை ஒட்டி, பொட்டலம் வைக்கிற இடத்தில், தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறிய விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கி ஒரு திட்டு. தாலுகா ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போனார்கள். இப்போதே விட்டால் இது பெரும்பாலும் சில வாரத்தில் மறைந்துவிடும், மறையாவிட்டால் திரும்ப வர வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். பல வருஷம் கழித்து வரக்கூடிய புற்றுநோயைப் பற்றி நான் பேசியபோதெல்லாம் சுவரைப் பார்த்த பையன், அன்றிலிருந்து தினமும் கண்ணாடியில் உதட்டை இழுத்துப் பார்க்கத் தொடங்கினான்.

நிகோடினை விட்டால் முதல் இரண்டு மூன்று நாள்தான் ரொம்பக் கஷ்டம், எரிச்சல் வரும், தூக்கம் கெடும், சில வாரத்துக்கு அந்த நினைப்பு வந்து வந்து போகும். அந்த நாட்களில் எரிந்து விழுந்தால் அது திமிர் இல்லை என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அப்பாயி தினமும் அவன் சட்டைப் பையில் ஒரு பிடி பொட்டுக்கடலை போட்டு அனுப்பினார், வாய்க்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று. அது என் யோசனை இல்லை, அவருடையது.

நான்காவது புதன் அப்பாவுக்கு. அதுவரை ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் கூப்பிடுவார், எட்டு நிமிஷம் திட்டுவார். தனியாகப் பேசியபோது, "நான் யாருக்காக மேடம் இங்க கெடக்குறேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் ஐந்து நிமிஷம் படிப்பு, புகார் எதுவும் கூடாது, உங்கள் நாள் எப்படிப் போனது என்று பையனிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார், லிப்ட் ஓடவில்லை, பதினாலு மாடி ஏறினோம், மூன்று தடவை. திரையில் அவர் காலைக் கூடக் காட்டவில்லை. பையன் போனைக் கையில் வாங்கி, "கால் வலிக்குதாப்பா?" என்று கேட்டான். அப்பா பதில் சொல்ல நேரமானது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் நின்றது, புதன்கிழமை வீடியோ கால் நிலைத்தது.

ஐந்தாவதுதான் கஷ்டமானது. தாய்மாமன். அவர் தினமும் சாயந்திரம் இந்த வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து குடிப்பார், டம்ளர், வாட்டர் பாக்கெட், மிக்சர் வாங்க இவனைத்தான் கடைக்கு அனுப்புவார், மிச்சச் சில்லறை இவனுக்கு. சித்திரைத் திருவிழாவில் முதல் பீர் கொடுத்ததும் அவர்தான், "எம்மருமவன் ஆம்பளடா" என்று. குழந்தைக்கு மது கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77இன்படி ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் ஆண் துணையில்லாத வீட்டுக்கு ராத்திரி ஆபத்து என்றால் ஓடி வருகிறவர் அவர், நாளைக்குச் சீர் தூக்கி வரப்போகிறவர் அவர். அம்மா பயந்தது நியாயம்தான். குடிப்பதை நிறுத்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்தக் கொல்லையில் வேண்டாம், பிள்ளைகளை அதற்காகக் கடைக்கு அனுப்ப வேண்டாம், இரண்டே விஷயம். பெரியவர்களின் குடியில் பிள்ளைக்கு எடுபிடி வேலை கொடுப்பதே ஆபத்தைக் கூட்டுகிறது என்று டேவிட் ஹாக்கின்ஸும் ரிச்சர்ட் கேட்டலானோவும் 1992லேயே தொகுத்துச் சொன்னவர்கள். மாமன் கோபமாக எழுந்து போனார். மூன்றாம் நாள் வந்து, அக்காவிடம், "சரி, இங்க இல்ல" என்றார். சட்டப் பிரிவைச் சொன்னதால் இல்லை. "சின்னவனும் உன்னயத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறான்டா" என்று அப்பாயி சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்.

ஆறாவது, ஏழாவது புதன்களில் அடுத்த அறுவடைக்குத் தயார் செய்தோம். வைக்கோல் ஏற்றப் போகலாமா கூடாதா என்று பெரிய விவாதம். பணம் வேண்டியிருந்தது, அதை நான் மறுக்க முடியாது. பகலில் மட்டும், பள்ளி இல்லாத நாளில் மட்டும், அம்மா வேலை செய்கிற வயலுக்குப் பக்கத்தில் மட்டும் என்று அப்பாவும் வீடியோ காலில் சேர்ந்து முடிவு செய்தார்கள். பொட்டலத்தை நீட்டுகிறவனிடம் என்ன சொல்வது என்று பையனும் எங்கள் பணியாளரும் கரையில் நடித்துப் பார்த்தார்கள். "வாய்ல புண்ணு அண்ணே" என்பதைத் தேர்ந்தெடுத்தான், அது உண்மையும்கூட.

அறுவடை வந்தது

தையில் திட்டு மறைந்திருந்தது. பள்ளியில் டிசி பேச்சு அடங்கியது, கார்த்திகைக்குப் பிறகு காய்ச்சலுக்காக இரண்டு நாள் தவிர விடுப்பு இல்லை. மாசியில் ஒரு நாள் விதியை மீறி ராத்திரி லோடுக்குப் போனான், பொட்டலம் வைத்தான். மறுநாள் காலை அடுப்படியில் வந்து நின்று, "அம்மா, நேத்து வச்சுட்டேன்" என்றான். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாராம். அப்புறம், "சொன்னியே, அது போதும். இன்னிக்கு கிரிக்கெட் கெடயாது, அது வேற" என்றார். எனக்குப் போன் பண்ணி, சரியாகச் செய்தேனா மேடம் என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கணக்கு இன்னும் வரவில்லை, பத்தாம் வகுப்பு அவனுக்கு மலையாக இருக்கிறது. மாமன் குடிக்கிறார், வேறு இடத்தில். குரல் இன்னும் ஏறுகிறது, குடம் உருளுவதில்லை. இடையில் ஒரு வாரம் அம்மா மனசு விட்டுப்போய் எதையும் செய்ய மாட்டேன் என்று படுத்துவிட்டார், மனநல உதவிக்கான டெலி மானஸ் எண்ணான 14416க்கு நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து போன் போட்டுக் கொடுத்தேன். போதைக்கு 14446, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098, இந்த இரண்டையும் அரிசிப் பானைக்கு மேலே சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சின்னவனுக்கு இப்போது 12 வயது. அண்ணனிடம் தாமதமாகச் செய்ததையெல்லாம் அவனிடம் முன்கூட்டியே செய்ய முடியும், உண்மையில் இந்தத் திட்டமே அந்த வயதுக்குத்தான் எழுதப்பட்டது. அவன் வகுப்புப் பிள்ளைகளில் ஐந்து வீடுகள் சம்மதித்திருக்கின்றன. புரட்டாசி நடவு முடிந்ததும் தொடங்குகிறோம், ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் தனித்தனியாக. இந்த அம்மாவும் என்னோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், பதினோரு கேள்வி எழுதிய அந்தத் தாளை எடுத்துக்கொண்டு.